நேரம் நீளவில்லை: மால்மோ நோயாளியும் ஃபேக்டர் ஃபைவ் லெய்டனும்

1993 பிப்ரவரியில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில்தான் இந்த நோயாளியை நாம் முதலில் சந்திக்கிறோம். பெயர் கிடையாது. ஸ்வீடனின் தென்கோடியில் உள்ள மால்மோ நகரின் பொது மருத்துவமனையில் ஆராயப்பட்டவர், நடுத்தர வயது ஆண், ரத்தக் குழாய்களுக்குள் பலமுறை ரத்தம் உறைந்தவர். அவருடைய ரத்தத்தை ஆராய்ந்தவர் பியோர்ன் டால்பெக். ரத்தம் ஏன் சிலருக்கு மட்டும் எளிதில் உறைகிறது என்ற கேள்விக்கு அதுவரை இருந்த பதில்களை இந்த ஒரு நோயாளியின் பிளாஸ்மா, அதாவது ரத்த அணுக்களை நீக்கினால் மிஞ்சும் திரவம், மாற்றிவிட்டது. அதனால்தான் முப்பது ஆண்டு கழித்தும் இந்த நிகழ்வை முழுதாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பேச்சில் 'ரத்தக்கட்டு' என்றால் அடிபட்ட இடத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போவது. எண்ணெய் காய்ச்சித் தடவுவோம், ஒத்தடம் கொடுப்போம். இங்கே பேசுவது அது இல்லை. சிரைக்கு உள்ளேயே, ஓடிக்கொண்டிருக்கும் ரத்தம் கட்டியாகி வழியை அடைப்பது. பெரும்பாலும் காலின் ஆழத்தில் இருக்கும் சிரைகளில் தொடங்கும். அந்தக் கட்டியில் ஒரு துண்டு பிய்ந்து இதயம் வழியாக நுரையீரலுக்குப் போனால் திடீரென மூச்சு முட்டும், உயிரே போகலாம். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால் வரும் ஆபத்து சின்னது இல்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருக்கும்போது 'ரத்தக்கட்டுதான்' என்று எண்ணெய் போட்டு உருவி விடக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்டி ஸ்கேன் எடுக்க வேண்டிய கால் அது.

சரி, மால்மோவுக்கு வருவோம்.

உறையவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

பாலுக்கு உறை ஊற்றினால் பாத்திரம் முழுவதும் தோய்ந்துவிடும். ரத்தத்துக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. விரலில் வெட்டுப்பட்டால் வெட்டின் வாயில் மட்டும் உறைய வேண்டும், கை முழுக்க உறைந்தால் கை போய்விடும். அதனால் உறைய வைக்கும் புரதங்கள் எத்தனை இருக்கின்றனவோ, கிட்டத்தட்ட அத்தனை கவனத்தோடு உறைதலை நிறுத்தும் புரதங்களையும் உடல் வைத்திருக்கிறது.

உறைதலின் மையத்தில் இருப்பது த்ராம்பின். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை இழைகளாக்கி வலை பின்னுவது அதுதான். ஆனால் அதே த்ராம்பின், காயமில்லாத ரத்தக் குழாயின் உட்சுவரைத் தொட்டதும் கட்சி மாறிவிடும். அந்தச் சுவரில் இருக்கும் த்ராம்போமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, புரோட்டீன் சி என்பதைத் தூண்டிவிடும். தூண்டப்பட்ட புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் என்ற இன்னொரு புரதத்தின் துணையோடு, உறைய வைக்கும் புரதங்களான ஐந்தாம் காரணியையும் (ஃபேக்டர் ஃபைவ்) எட்டாம் காரணியையும் வெட்டிப் போடும். இந்த இரண்டும் இல்லாமல் புதிய த்ராம்பின் வேகமாக உருவாக முடியாது. எனவே உறைதல் அங்கேயே அடங்கும். தன்னை உருவாக்கும் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

புரோட்டீன் சி என்ற பெயருக்குப் பின்னால் பெரிய காரணம் எதுவும் இல்லை. 1976-இல் யோஹான் ஸ்டென்ஃப்ளோ பசுவின் பிளாஸ்மாவிலிருந்து புரதங்களைப் பிரித்தபோது, வரைபடத்தில் 'சி' என்று குறித்த சிகரத்தில் இது கிடைத்தது. அவரும் மால்மோக்காரர்தான். இந்தப் புரதத்தைப் பற்றி மால்மோ ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகளின் கைப்பழக்கம் இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து நடந்தது புரியும்.

அன்றைக்குத் தெரிந்திருந்தவை

பரம்பரையாக ரத்தம் எளிதில் உறையும் தன்மைக்கு, அதாவது த்ராம்போஃபிலியாவுக்கு, 1993-க்கு முன் மூன்று முக்கியமான காரணங்கள் தெரிந்திருந்தன. 1965-இல் நார்வேயின் ஓலாவ் எகெபெர்க் ஒரு குடும்பத்தில் ஆன்ட்டித்ராம்பின் குறைவைக் கண்டுபிடித்தார். 1981-இல் புரோட்டீன் சி குறைவும், 1984-இல் புரோட்டீன் எஸ் குறைவும் வந்து சேர்ந்தன. மூன்றுமே உறைதலை நிறுத்தும் புரதங்கள், மூன்றிலும் கோளாறு பற்றாக்குறைதான்.

ஆனால் சிரையில் ரத்தம் உறைந்து வருகிறவர்களைச் சோதித்தால், இந்த மூன்றும் சேர்ந்து நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் விடை சொல்லும். அப்பா, அத்தை, அண்ணன் என்று குடும்பத்தில் வரிசையாக ரத்தம் உறைந்திருக்கும், சோதனையில் எல்லாம் 'நார்மல்' என்று வரும். மால்மோ நோயாளியும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகவே போயிருக்கலாம்.

சோதனைக் குழாயில் நடந்தது

டால்பெக் வேறு விதமாக யோசித்தார். ஒவ்வொரு புரதத்தையும் தனித்தனியாக அளந்து, குறைகிறதா என்று பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை. நிறுத்தும் கருவியை வெளியிலிருந்து ஊற்றி, ரத்தம் அதற்குக் கட்டுப்படுகிறதா என்று பார்த்தார்.

சோதனை எளிமையானது. பிளாஸ்மாவில் உறைதலைத் தூண்டும் பொருளைக் கலந்து, கால்சியம் சேர்த்து, எத்தனை வினாடியில் உறைகிறது என்று கணக்கிடுவது எல்லா ஆய்வுக்கூடத்திலும் நடப்பதுதான். அதே சோதனையைத் தூண்டப்பட்ட புரோட்டீன் சி சேர்த்து இன்னொரு முறை செய்ய வேண்டும். ஆரோக்கியமான பிளாஸ்மா என்றால் உறைவதற்கு ஆகும் நேரம் நன்றாக நீளும். சேர்த்த புரதம் ஐந்தையும் எட்டையும் வெட்டித் தள்ளுவதால் உறைதல் தாமதமாகும்.

இந்த நோயாளியின் பிளாஸ்மாவில் நேரம் கொஞ்சம்தான் நீண்டது. நீளவே இல்லை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் யாருக்கும் தோன்றுவது 'சோதனையில் எங்கோ தப்பு' என்பதுதான். குழாயைக் கழுவிவிட்டு மறுபடி செய்வோம், மறுபடியும் அப்படியே வந்தால் ஓரமாக வைத்துவிடுவோம். டால்பெக் அந்த எண்ணை நம்பினார். இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

அப்புறம் ஒவ்வொரு சந்தேகத்தையும் கழித்துக்கொண்டே போனார்கள். ஊற்றிய புரதத்தை மடக்கும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா? இல்லை. புரோட்டீன் எஸ் வேலை செய்யவில்லையா? செய்கிறது. எட்டாம் காரணியின் மரபணுவில் கோளாறா? குடும்பத்தினரின் டிஎன்ஏவைப் பார்த்ததில் அந்த மரபணுவோடு இந்தத் தன்மை சேர்ந்து நகரவில்லை. ஆனால் குடும்பத்தில் பலருடைய பிளாஸ்மாவும் இதே மாதிரிதான் நடந்துகொண்டது, எனவே பரம்பரை என்பது உறுதி. தொடர்பே இல்லாத வேறு இரண்டு பேரிடமும், புரோட்டீன் சிக்குக் கட்டுப்படாத இதே எதிர்ப்பு கிடைத்தது. இது ஒரு குடும்பத்தின் விசித்திரம் இல்லை, பலரிடம் இருக்கக்கூடும் என்று அந்தக் கட்டுரையே சொல்லிவிட்டது.

புரோட்டீன் சிக்குத் துணை போகும், அதுவரை பெயர் தெரியாத ஏதோ ஒரு பொருள் இவர்களிடம் குறைகிறது என்று டால்பெக் கணித்தார். அதைச் சாதாரண பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்துக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. 1994-இல் பிரித்தெடுத்தார்கள். கையில் வந்தது புதிய புரதம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் ஐம்பது வருடமாகத் தெரிந்த ஐந்தாம் காரணி.

ஆஸ்லோவில் ஒரு பெண்

இந்த இடத்தில் ஐம்பது ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது. 1943, நார்வே ஜெர்மன் படைகளின் பிடியில் இருந்த காலம். ஆஸ்லோவில் பால் ஓவ்ரன் என்ற மருத்துவரிடம் ஒரு பெண் வந்தார். சிறு வயதிலிருந்தே ரத்தம் நிற்காமல் ஒழுகும் தொந்தரவு அவருக்கு. உறைவதற்குத் தேவை என்று அன்று கருதப்பட்ட நான்கு பொருள்களும் அவரிடம் இருந்தன, ஆனாலும் ரத்தம் சரியாக உறையவில்லை. த்ராம்பினின் முன்வடிவமான புரோத்ராம்பினை நீக்கிய சாதாரண பிளாஸ்மாவைச் சேர்த்தபோது குறை நீங்கியது. அப்படியானால் ஐந்தாவதாக ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்கு ஐந்தாம் காரணி என்று பெயர் வைத்தார். உறைதல் காரணிகளை ரோமன் எண்களால் குறிக்கும் வழக்கம் தொடங்கியதே இங்குதான்.

ஆஸ்லோ பெண்ணிடம் ஐந்தாம் காரணி இல்லாததால் ரத்தம் ஒழுகியது. மால்மோ ஆணிடம் அதே காரணி வெட்டுக்கு அடங்காததால் ரத்தம் கட்டியது. அளவு எடுத்தால் அவரிடம் ஐந்தாம் காரணி போதுமான அளவு இருக்கும், உறைய வைக்கும் வேலையையும் ஒழுங்காகச் செய்யும். அதனால்தான் வழக்கமான எந்தச் சோதனையிலும் அது மாட்டவில்லை. முந்தைய மூன்று குறைகளில் ஏதோ ஒன்று 'போதவில்லை'. இதில் எல்லாம் போதுமான அளவு இருந்தது, நிறுத்தச் சொன்னால் நிற்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லெய்டன்

லெய்டன் என்றதும் நமக்கு நினைவு வருவது சோழர்களின் ஆனைமங்கலம் செப்பேடுகள். அதே டச்சுப் பல்கலைக்கழக நகரத்தில் ரோகியர் பெர்ட்டினாவின் குழு 1994 மே மாதம் கடைசி முடிச்சை அவிழ்த்தது. ஐந்தாம் காரணிக்கான மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் 1691-ஆம் இடத்தில் 'ஜி' என்ற ஓர் எழுத்து 'ஏ' ஆகியிருந்தது. அதன் விளைவாகப் புரதத்தின் 506-ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினின் போய் குளுட்டமின் வந்துவிட்டது.

506 சாதாரண இடம் இல்லை. தூண்டப்பட்ட புரோட்டீன் சி வந்து முதலில் வெட்டும் இடமே அதுதான். அது ஆர்ஜினினைப் பார்த்துத்தான் வெட்டும். ஆர்ஜினின் இல்லை என்றால் வேறு இடங்களில் வெட்டித்தான் அடக்க வேண்டும், அதற்குப் பத்து மடங்கு அளவுக்குத் தாமதமாகும். டால்பெக் சொன்ன 'துணைப் பொருள்' கணிப்பும் வீண்போகவில்லை. 506-இல் வெட்டுப்பட்ட ஐந்தாம் காரணி, எட்டாம் காரணியை அடக்கும் வேலையில் புரோட்டீன் சிக்கு உதவுகிறது என்பது பின்னால் தெளிவானது. லெய்டன் வகையில் அந்த உதவியும் போய்விடுகிறது.

பெயர் ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் என்று நிலைத்தது. கோளாறை முதலில் பிடித்த மால்மோவுக்குப் பெயரில் இடம் கிடைக்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் குறையாகவே படுகிறது.

எத்தனை பேரிடம்

லெய்டன் குழுவிடம் இன்னொரு பெரிய செல்வம் இருந்தது. சிரையில் முதன்முறை ரத்தம் உறைந்த 474 நோயாளிகளையும், அதே எண்ணிக்கையில் நோயில்லாதவர்களையும் சேர்த்திருந்தார்கள். நோயில்லாதவர்களில் பலர் அந்த நோயாளிகளின் நண்பர்களும் துணைவர்களும்தான். மரபணு தெரிந்ததும் அத்தனை பேரின் டிஎன்ஏவையும் பார்த்தார்கள். நோயாளிகளில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 20 பேரிடம் இந்த மாற்றம் இருந்தது, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 3 பேரிடம். ஃபிரிட்ஸ் ரோசன்டாலும் மற்றவர்களும் 1995-இல் கொடுத்த கணக்கு: ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்கு ஆபத்து 7 மடங்கு, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் இரண்டு பிரதி பெற்றவருக்கு 80 மடங்கு.

'7 மடங்கு' என்று கேட்டால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ரிப்போர்ட்டில் 'ஹெட்டிரோசைகஸ்' (ஒரு பிரதி மட்டும்) என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர்களை நினைத்தே அடுத்த கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். லெய்டனில் யான் வாண்டன்புரூக் 1994-இல் கருத்தடை மாத்திரை சாப்பிடும் வயதிலுள்ள பெண்களைப் பற்றி வெளியிட்டது. மரபணு மாற்றமும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றால் ஆண்டுக்கு 10,000 பெண்களில் 0.8 பேருக்கு ரத்தம் உறைகிறது. மாத்திரை மட்டும் என்றால் 3 பேர். லெய்டன் மாற்றம் மட்டும் என்றால் 5.7 பேர். இரண்டும் சேர்ந்தால் 28.5 பேர்.

இந்த எண்களை இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். இரண்டும் சேரும்போது ஆபத்து வெறுமனே கூடவில்லை, 30 மடங்குக்கு மேல் எகிறுகிறது. குடும்பத்தில் இந்த மாற்றம் இருப்பது தெரிந்தால் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையைத் தவிர்த்து வேறு வழி கேட்பதுதான் சரி. அதே சமயம், இரண்டும் சேர்ந்த பெண்களிலும் அந்த ஆண்டில் 10,000 பேரில் 9,970 பேருக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. இந்த மரபணு இருப்பது ஒரு சாய்வுதானே தவிர நோய் ஆகாது. அறுவை சிகிச்சை, எலும்பு முறிந்து கட்டிலில் கிடப்பது, பேறுகாலம், புற்றுநோய், உடல் பருமன், நீண்ட விமானப் பயணம் என்று வேறு ஏதாவது ஒன்றிரண்டு சேரும்போதுதான் பெரும்பாலும் ரத்தம் உறைகிறது. மால்மோ நோயாளியின் உறவினர்களில் பலருக்கும் சோதனைக் குழாயில் எதிர்ப்பு இருந்தது என்பதையும், அப்படி இருந்த எல்லோரும் நோயாளிகள் இல்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இவ்வளவு பேரிடம் இந்த மாற்றம் எப்படி வந்தது? ஆப்பிரிக்கர்களிடமும் கிழக்கு ஆசியர்களிடமும் அநேகமாக இல்லை, ஐரோப்பியர்களிடம் மிகுதி. இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரே ஒருவரிடம் தோன்றி அவர் வழி வந்தவர்களிடம் பரவியிருக்கிறது என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. கெடுதல் மட்டுமே செய்திருந்தால் இந்த அளவுக்குத் தங்கியிருக்குமா? அதற்கும் மால்மோவிலிருந்தே ஒரு பதில் வந்தது. 1998-இல் வெளியான ஆய்வில், இந்த மாற்றம் உள்ள பெண்கள் பிரசவத்தின்போது குறைவாகவே ரத்தம் இழந்தார்கள். ஆஸ்பத்திரியும் ரத்த வங்கியும் இல்லாத காலத்தில் அது எத்தனை தாய்மாரைக் காப்பாற்றியிருக்கும்!

மறுபடியும் உறையுமா

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் முக்கியமான திருப்பம் 2005-இல் வந்தது. மேலே சொன்ன அதே 474 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முதல்முறை ரத்தம் உறைய இந்த மரபணு இவ்வளவு காரணம் என்றால், இரண்டாம் முறையும் அவர்களுக்குத்தானே அதிகமாக உறைய வேண்டும்? அப்படி நடக்கவில்லை. லெய்டன் மாற்றம் உள்ளவர்களுக்கு மீண்டும் உறையும் ஆபத்து இல்லாதவர்களைவிட 1.2 மடங்குதான் இருந்தது, கிட்டத்தட்ட சமம். முதல் தடவை எந்தச் சூழலில் உறைந்தது என்பதே அதிகம் பேசியது. அறுவை சிகிச்சைக்குப் பின் உறைந்ததா, காரணமே இல்லாமல் உறைந்ததா, நோயாளி ஆணா பெண்ணா, பெண் என்றால் கருத்தடை மாத்திரை தொடர்கிறாரா, இவைதான் கணக்கு.

நடைமுறையில் இதற்குப் பெரிய பொருள் உண்டு. ரத்தம் உறைந்தவருக்கு முதல் மூன்று மாதமாவது உறைவு தடுப்பு மருந்து வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு காலம் என்பதைப் பெரும்பாலும் சூழல் தீர்மானிக்கிறது. லெய்டன் ஒரு பிரதி இருக்கிறது என்பதற்காக மட்டும் வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. 'ரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்று நாம் சொல்கிறோம், ஆனால் ரத்தம் இளகுவதில்லை, உறையும் வேகம்தான் குறைகிறது. அதனால் ரத்தக்கசிவு ஆபத்து எப்போதும் கூடவே வரும்.

த்ராம்போஃபிலியாவின் மற்ற வகைகள் வேறு மாதிரி. ஆன்ட்டித்ராம்பின் குறைவு அரிது, ஆனால் வேகம் அதிகம். புரோட்டீன் சி குறைவில் ஒரு கண்ணி இருக்கிறது. வார்ஃபரின் என்ற உறைவு தடுப்பு மாத்திரையைத் தொடங்கிய முதல் சில நாளில், உறைய வைக்கும் காரணிகள் குறைவதற்கு முன்பே புரோட்டீன் சி குறைந்துவிடும், ஏற்கனவே அது குறைவாக உள்ளவருக்குத் தோலே கருகிப்போகலாம். உடனே வேலை செய்யும் ஊசி மருந்தான ஹெப்பாரின் கொடுத்துக்கொண்டே வார்ஃபரினைத் தொடங்குவது இதற்காகத்தான். பிறவியில் வராமல் நடுவில் வருவது ஆன்ட்டிஃபாஸ்ஃபோலிப்பிட் சிண்ட்ரோம். சிரை மட்டும் இல்லை, தமனியிலும் உறையும். கர்ப்பம் கலைந்துகொண்டே இருக்கும். இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டியது இதைத்தான், ஏனென்றால் இருந்தால் மருந்தே மாறும். புதிய உறைவு தடுப்பு மாத்திரைகளைவிட வார்ஃபரினே இவர்களில் பலருக்கு நல்லது. ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே உறுதி செய்ய வேண்டும்.

நம் ஊரில்

இந்தியாவில் ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் இருக்கிறது, ஆனால் ஐரோப்பாவை விட மிகக் குறைவு. ஐரோப்பாவுக்காகக் கட்டப்பட்ட சோதனைப் பட்டியல் இங்கே அப்படியே 'த்ராம்போஃபிலியா பேனல்' என்று பல ஆயிரம் ரூபாய்க்கு எழுதப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. அதைவிட வருத்தம், எழுதப்படும் நேரம். ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே ரத்தம் எடுத்தால், உறைதலிலேயே செலவாகிப்போன புரோட்டீன் சி, எஸ், ஆன்ட்டித்ராம்பின் மூன்றுமே குறைவாகத் தெரியலாம். ஹெப்பாரின் ஆன்ட்டித்ராம்பினைக் குறைக்கும், வார்ஃபரின் சி-யையும் எஸ்-ஐயும் குறைக்கும், கர்ப்பத்தில் எஸ் தானாகவே குறையும். இப்படி ஒரு நாளில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு 'பிறவிக் கோளாறு' என்று முத்திரை குத்தினால் அது வாழ்நாள் முழுக்கக் கூட வரும், மகளின் கல்யாணப் பேச்சு வரைக்கும் வரும். மரபணுச் சோதனைக்கு மட்டும் இந்தச் சிக்கல் இல்லை, எழுத்து என்றைக்கும் மாறாது.

இங்கே அதிகம் கவனிக்க வேண்டியது வேறொன்று. பிள்ளை பெற்ற பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும், சீதளம் பிடிக்கும் என்று தாகத்தோடு வைக்கும் பத்தியம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பிரசவமானதும் ரத்தம் இயல்பாகவே உறையத் தயாராக இருக்கும் வாரங்கள் அவை. அதோடு உடலில் நீர் வற்றினால் மூளையின் சிரைகளில்கூட உறையலாம். தலைவலி, வாந்தி, வலிப்பு என்று கொண்டுவரப்படும் பச்சை உடம்புக்காரிகளை நம் நரம்பியல் மருத்துவர்கள் தலைமுறைகளாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். எந்த மரபணுச் சோதனையும் செய்யாமலே தவிர்க்கக்கூடியது இது. குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், எழுந்து நடக்க விடுங்கள்.

பிறகு அந்தச் சோதனை

டால்பெக்கின் முதல் சோதனைக்கு ஒரு குறை இருந்தது. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களின் பிளாஸ்மாவில் அது சரியாக வேலை செய்யாது, ஏனென்றால் அவர்களுக்கு வேறு பல காரணிகள் குறைந்திருக்கும். சோதனை தேவைப்படுகிறவர்களோ பெரும்பாலும் அவர்கள்தான். இதற்குக் கண்டுபிடித்த வழி இன்றும் ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. நோயாளியின் பிளாஸ்மாவில் கொஞ்சம் எடுத்து, ஐந்தாம் காரணி மட்டும் இல்லாத பிளாஸ்மாவில் கலந்து நீர்க்கச் செய்கிறார்கள். குறைந்திருந்த மற்ற காரணிகள் எல்லாம் அதிலிருந்து கிடைத்துவிடும். குழாயில் இருக்கும் ஐந்தாம் காரணி மட்டும் நோயாளியுடையது. அப்புறம் புரோட்டீன் சியை ஊற்றி, எத்தனை வினாடி என்று பார்க்கிறார்கள். மால்மோ நோயாளியின் குறையைக் கண்டுபிடிக்க, ஆஸ்லோ பெண்ணுடையது போன்ற ரத்தம் வேண்டியிருக்கிறது.